"லீவுதான் டாக்டர், ஆனா ஒரு கால் இருக்கு"

போன வாரம் என் குன்னூர் கிளினிக்கில் ஒருவர் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து வேண்டாம் என்றுவிட்டார். எரியும் என்ற பயமெல்லாம் இல்லை. நாலைந்து மணி நேரம் கிட்டத்து எழுத்து தெரியாது என்று சிஸ்டர் சொன்னதும், "அஞ்சு மணிக்கு ஒரு ஆபீஸ் கால் இருக்கு, நாளைக்குப் போட்டுக்கலாமா?" என்றார். பெங்களூர் கம்பெனி, நாலு நாள் லீவு, கோத்தகிரிப் பக்கம் காட்டேஜ். "லீவுன்னு சொன்னீங்களே?" என்றேன். "லீவுதான் டாக்டர்" என்று இழுத்தார். அன்று காலையில் மட்டும் அவர் மூன்றாவது ஆள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எல்லோரும் சொல்வதும் ஒன்றுதான். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், சாயங்காலமானால் மங்கல், நெற்றிப்பொட்டில் வலி, காரணமில்லாமல் தண்ணீர் வடிதல். (தண்ணீர் வடிகிற கண்ணும் உலர்ந்த கண்ணாக இருக்கலாம். நம்புங்கள்.) வேலை முடிந்த பிறகு எவ்வளவு நேரம் திரை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "நான் ப்ளூ கட் கண்ணாடி போட்டிருக்கேனே!" (திரையிலிருந்து வரும் நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கும் கண்ணாடி.)

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கே கண் எரிகிறது.

நீல ஒளிதான் வில்லன் என்றால், பகல் முழுக்கத் திறந்த வானத்தின் கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள்தான் முதலில் இந்த உறுத்தலோடு என்னிடம் வரவேண்டும். தொட்டபெட்டா மேலிருக்கும் வானம் தரும் நீல ஒளிக்கு முன்னால் உங்கள் போன் தருவது ஒன்றுமேயில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சாதாரணக் கண்ணாடியைவிட இந்தக் கண்ணாடியால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்றது. அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அகாடமியும் இதைப் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறவர்; திரைக்கு முன்னால் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கண்ணாடி உங்களுக்குப் பதிலாக இமைக்குமா? கிட்டத்திலேயே பார்த்து இறுகிப்போன தசையைத் தளர்த்திவிடுமா? கடைக்காரரோடு எனக்குச் சண்டையில்லை. என் கோபமெல்லாம் அந்தக் கண்ணாடி தரும் தைரியத்தின் மேல்தான். ஒன்பது மணிக்கு லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தவர், அதை வாங்கிய பிறகு பன்னிரண்டு வரை உட்காருகிறார். மழைக்கோட்டு வாங்கிவிட்டோம் என்று மழையிலேயே குடியிருப்பதா? தூக்கத்துக்கும் இதே கதைதான். பத்தரை மணிக்கு மேனேஜர் அனுப்பும் "ஃப்ரீயா இருக்கீங்களா?" என்ற ஒரு வரி, திரையை எவ்வளவு மஞ்சளாக்கி வைத்தாலும் தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்யும்.

இது பெங்களூர்க்காரர் நோய் என்று இங்கே இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். அன்றைய கொழுந்து எடையைப் போட்டோ எடுத்து ராத்திரி ஒன்பதுக்கு குரூப்பில் போடும் எஸ்டேட் கணக்குப்பிள்ளையும் என் நோயாளிதான். ஞாயிற்றுக்கிழமை கூட "நோட்டட் சார்" போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காரும் டீச்சரும் அப்படித்தான்.

மலைக்கு வந்தாலே ஓய்வு என்பது அடுத்த மூடநம்பிக்கை. பள்ளத்தாக்கு தெரியும் ஜன்னலோரம் லேப்டாப், காலடியில் முகத்தைப் பார்த்து ஊதும் ரூம் ஹீட்டர். உலர்ந்த கண்ணுக்கு இதைவிடக் கெடுதலான இடத்தை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து சில ஊர்களில் மூன்று நாள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அடுத்த வாரம் ஒருவர் வந்து, "நீங்க குடுத்த மருந்து நல்லாக் கேட்குது டாக்டர்" என்றார். அவர் மருந்தே வாங்கவில்லை. பாதை அடைபட்டிருந்ததால் சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது.

பிரான்சில் 2017 ஜனவரி முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்குப் பின் ஆபீசோடு தொடர்பில் இல்லாமலிருக்கும் உரிமை சட்டத்திலேயே உண்டு. நம் மக்களவையில் எம்.பி. சுப்ரியா சுலே இதே உரிமைக்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. அதனால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். ஆபீஸ் குரூப்பை ராத்திரி மியூட் செய்யுங்கள். உண்மையிலேயே அவசரமென்றால் போன் அடிப்பார்கள், எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். லீவில் வந்தால் லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், தயவுசெய்து. வேலை நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது விநாடி எதிர்மலையைப் பாருங்கள். அதை ஞாபகப்படுத்த ஒரு ஆப் இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "சிவப்பு போகிற மருந்து" என்று கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். அழுத்தம் ஏறுவது வலித்துத் தெரியாது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால், வரும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்து வாருங்கள். திட்டமாட்டேன். கொஞ்சம் திட்டுவேன்.

அந்த ஐந்து மணிக்காரர் ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் மனைவியோடு வந்து மருந்து போட்டுக்கொண்டார். விழித்திரை, நரம்பு எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த சீட்டைக் கை நீளும் வரை நீட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். "நீங்கதான் வண்டி ஓட்டணும்மா. சத்தியமங்கலம் தாண்டுற வரைக்கும் இவருக்குப் போன்ல எழுத்துத் தெரியாது" என்றேன்.

"இன்னும் ரெண்டு சொட்டு போட்டு விடுங்க டாக்டர்" என்றார் அந்தம்மா.