டிப்போ ஊசியும், உக்கார முடியாம தவிச்ச தம்பியும்

ஹட்டன் பக்கத்துல ஒரு மனநல கிளினிக்ல தாதியா வேல செய்றேன். இங்க வார்றவங்கள்ல நிறைய பேரு டிப்போ ஊசி போடுறவங்க, அதாவது ஸ்கிட்சோப்ரினியா (இல்லாத சத்தம் காதுல கேக்குற மாதிரியான மனநோய்) மாதிரி வருத்தத்துக்கு தினமும் குளிசை குடிக்கிறதுக்கு பதிலா ரெண்டு கிழமைக்கோ நாலு கிழமைக்கோ ஒருக்கா போடுற ஊசி.

போன மழைக்கு ஒரு அம்மா மகன கூட்டிட்டு வந்தாங்க. பெஞ்சில உக்காந்தா ஒரு நிமிசம் தாங்கல, எந்திரிக்கிறான், வாசல் வரைக்கும் போறான், திரும்பி வாரான், நின்னாலும் கால மாத்தி மாத்தி வெக்கிறான். "மிஸ், ஊசி போட்டு நாலு நாளா ராவெல்லாம் காம்பராக்குள்ளயே நடக்குறான், வருத்தம் கூடிருச்சு, கொஞ்சம் கூட்டி போட சொல்லுங்க"ன்னு அந்த அம்மா அழுறாங்க. நான் அவன்கிட்டயே கேட்டேன், தம்பி உனக்கு என்ன பண்ணுதுன்னு. "காதுல சத்தம் ஒண்ணும் கேக்கல மிஸ், காலுக்குள்ள என்னமோ ஊருது, உக்கார விடுதில்ல"ன்னான்.

அது வருத்தம் கூடினது இல்ல, ஊசியோட பக்கவிளைவு, அகதீசியான்னு சொல்லுவோம். கூட்டி போட்டிருந்தா இன்னும் மோசமாகிருக்கும். டாக்டர் ஊசி அளவ குறைச்சு ப்ரொப்ரனலோல் குளிசை எழுதினாரு. இந்த தவிப்பு தாங்க ஏலாம சாகலாம்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க, அதனால தயவுசெஞ்சு ஊசி போட்ட ஆள்கிட்ட முதல்ல கேளுங்க, அவங்கள பக்கத்துல வெச்சிக்கிட்டே வேற ஆள்கிட்ட கேக்காதீங்க.

நாங்க அதிகமா போடுற ஃப்ளூபெனசின் ஊசி நல்லெண்ணெயில கலந்து வார மருந்து (எள்ளு ஒத்துக்காதவங்க கட்டாயம் முன்னாடியே சொல்லணும்). எண்ணெய் சதைக்குள்ள தங்கி கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கலக்கும், அதுதான் அதோட நன்மையும் அதோட சிக்கலும், ஏன்னா போட்டத திருப்பி எடுக்க ஏலாது. அதுக்குத்தான் முதல்ல சின்ன அளவுல போட்டு பாக்குறோம். இடுப்புக்கு கீழ சதையில ஆழமா போடுவோம், ஒரு தடவ வலது, அடுத்த தடவ இடது. வீட்டுக்கு போய் தைலம் போட்டு தேய்க்காதீங்க.

முதல் சில நாள்ல கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு கண்ணு மேல சொருகினா பேய் பிடிச்சதுன்னு கோடாங்கிய தேடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க, அதுக்கு மருந்து இருக்கு, போட்டா கொஞ்ச நேரத்துல சரியாகும். கடும் காய்ச்சல், உடம்பு மரக்கட்ட மாதிரி விறைக்கிறது, வேர்க்கிறது, பேச்சு தடுமாறுறது இதெல்லாம் சேந்து வந்தா அது உயிராபத்து, விடியட்டும்னு பாக்காம 1990 ஆம்புலன்ஸுக்கு அடிங்க. இந்த ஊசி போடுற, கொழுந்து எடுக்குற அக்காமாருக்கு மாதவிடாய் நின்னு போகலாம், பிள்ள இல்லாமலே மார்ல பால் வரலாம், அதுக்கு புருசன் சந்தேகப்பட்டு வீட்டுல சண்ட நடந்ததையும் பாத்திருக்கேன். மருந்துனாலயும் அப்படி வரும், வெக்கப்படாம எங்ககிட்ட சொல்லுங்க, ரத்தம் சோதிச்சு பாக்கலாம், மருந்த மாத்தலாம்.

எனக்கு பெரிய கவலை என்னன்னா, சொகமாயிட்டான் இனி எதுக்கு ஊசின்னு விட்டுடுறது. குளிசைய விட்டா வருத்தம் சீக்கிரம் திரும்பி வரலாம், ஊசிய விட்டா உடம்புல மிச்சம் இருக்குற மருந்து கொஞ்ச காலம் காப்பாத்தும், பாத்தீங்களா ஒண்ணும் ஆகலன்னு எல்லாரும் நிம்மதியாவாங்க, மூணு மாசம் நாலு மாசம் போய் ஒரு ராத்திரி திரும்பவும் சத்தம் கேக்க ஆரம்பிக்கும், அப்ப யாருக்கும் ஊசி ஞாபகம் வராது, பக்கத்து லயத்துக்காரன் செய்வினை வெச்சான்னு பேச்சு வரும். குறைக்கணும், நிப்பாட்டணும்னு நினைச்சா அதையும் டாக்டர்கிட்ட பேசி மெதுவா செய்யலாம், அது கேக்கக்கூடாத கேள்வி இல்ல.

கிளினிக்குக்கு வந்தா அன்னைக்கு தோட்டத்துல வேல பேர் விழாது, சம்பளம் போகும்னு எனக்கு தெரியும். திகதி தவறிட்டா அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்காதீங்க, கொப்பிய எடுத்துட்டு அடுத்த நாளே வாங்க, ரெண்டு ஊசிய சேத்து போட சொல்லியும் கேக்காதீங்க. ரா நேரத்துல என்ன செய்றதுன்னு தெரியலன்னா 1926 மனநல உதவி நம்பருக்கு அடிச்சு பேசலாம். பிந்தி வந்தா மிஸ் ஏசுவாங்கன்னு பயந்து வராம விட்டவங்க இருக்காங்க. நான் ஏச மாட்டேன், ரெண்டு மாசம் பிந்தினாலும் வாங்க.