அந்த எண் எங்கிருந்து வந்தது, டாக்டர்?

கன்றிய காயத்தின் வயதைச் சொல்லும் நிற அட்டவணைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. முதலில் சிவப்பு, பிறகு நீலம், ஐந்தாம் நாள் பச்சை, அதன்பின் மஞ்சள். தடயவியல் மருத்துவர் அதை நம்பி அறிக்கை எழுதிவிட்டு நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் ஏறினால், "இது எந்த ஆய்வில் இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியில் சாட்சியம் ஆட்டம் கண்டுவிடும். காயங்களின் புகைப்படங்களை ஒப்பிட்டு 1991இல் வந்த ஆய்வு உறுதியாகச் சொன்னது ஒன்றுதான்: மஞ்சள் தெரிந்தால் காயம் 18 மணி நேரத்துக்கு முந்தையது. மஞ்சள் தெரியவில்லை என்பதால் புதுக் காயம் என்று சொல்லிவிட முடியாது. மஞ்சள் எல்லார் கண்ணுக்கும் ஒரேபோல் தெரிவதில்லை என்பது பிற்கால ஆய்வுகளில் வெளிப்பட்டது.

ஆகவே, தேடலை மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தேடல் தளமான பப்மெட்டில் தொடங்குங்கள். அதில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை தரமானதாகிவிடாது. தரம் பார்த்து இதழ்களைச் சேர்க்கும் மெட்லைன் பட்டியல் தேர்ந்தெடுத்த இதழ்களோடு, முழுக் கட்டுரைகளை வைத்திருக்கும் பிஎம்சி சேமிப்பகம் வழியாக வந்தவையும் அங்கே உண்டு. இதழ் மெட்லைனில் இருக்கிறதா, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். வேறெங்கோ கிடைத்த மேற்கோள் என்றால் அதன் டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரைக்கே உரிய இணைய அடையாள எண்ணைத் திறந்து தலைப்பை ஒப்பிடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத கட்டுரைக்கும் அழகாக மேற்கோள் தந்துவிடும்.

இறந்த நேரத்தைக் கணக்கிடும் இணையக் கருவிகளில் இன்னும் கவனம் வேண்டும். உடல் குளிர்ந்த அளவை வைத்து நேரத்தைக் கணிக்கும் ஹென்ஸ்கே முறை, உயிருள்ளபோது மலக்குடல் வெப்பநிலை 37.2 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகிறது. மிகச் சாதகமான சூழலில்கூட விடை 2.8 மணி நேரம் முன்பின்னாக இருக்கலாம். உடல் எடை, உடை, ஈரம், காற்றோட்டம் எதையும் கேட்காமல் "இரவு 10.40" என்று ஒற்றை நேரத்தைத் தரும் கருவியை மூடிவிடுங்கள். நல்ல கருவியும் சில இடங்களில் கைவிடும்: உடல் வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டிருந்தால், வெயிலில் கிடந்திருந்தால், இறக்கும்போது கடும் காய்ச்சல் இருந்திருந்தால்.

நெறிமுறைகளுக்கு வெளியிட்ட அமைப்பின் தளத்துக்கே போங்கள். சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்தும் இஸ்தான்புல் நெறிமுறை 2022இல் திருத்தப்பட்டது. 2004ஆம் ஆண்டின் பிடிஎஃப் இன்றும் சுற்றுகிறது. சந்தேக மரணங்களுக்கான மினசோட்டா நெறிமுறையில் 2016 பதிப்பைப் பாருங்கள். இரண்டும் ஐ.நா. மனித உரிமை அலுவலகத் தளத்தில் இலவசம். பேரிடரில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் வழிகாட்டி இருக்கிறது.

எதைப் பயன்படுத்தினாலும் பதிப்பு ஆண்டை அறிக்கையில் எழுதி, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வழக்குக் கோப்பில் வையுங்கள். சம்மன் வர ஆண்டுக்கணக்காகலாம். அதற்குள் அந்தப் பக்கம் மாறியிருக்கலாம்.