17,280 வரிகளுக்குள் ஒரு எரர்

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில், சாய மிஷினின் சூட்டை 5 நொடிக்கு ஒருமுறை பதிவுசெய்யும் பைத்தான் புரோகிராம் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு மிஷினுக்கே நாளைக்கு 17,280 வரி. ராத்திரி 2 மணிக்கு நீராவி வால்வு திறக்காமல் போன செய்தியும் அதே ஃபைலில்தான் கிடக்கும். காலையில் டையிங் மாஸ்டர் வந்து "ஏனுங்க, மிஷின் எதனால நின்னுச்சுங்க?" என்று கேட்டால், தேடி எடுப்பதற்குள் டீ ஆறிவிடும்.

சாதாரண வரியையும் எரரையும் பிரித்து வைக்க வேண்டும். பைத்தானில் செய்திகளைப் பதிவுசெய்யும் லாகிங் மாட்யூல், ஒவ்வொரு செய்திக்கும் அதன் தீவிரத்தைக் காட்டும் ஓர் எண் (லெவல்) தருகிறது: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களின் பதிவு முறையான சிஸ்லாகில் இது தலைகீழ். அங்கே 0தான் பேராபத்து, 7 டீபக்.

செய்தி இரண்டு வாசல் தாண்ட வேண்டும். முதலில், செய்தியை வாங்கும் லாகர், அடுத்து, திரைக்கோ ஃபைலுக்கோ அனுப்பும் ஹேண்ட்லர். இரண்டுக்கும் தனித்தனி லெவல் உண்டு. எல்லா லாகருக்கும் மேலே இருக்கும் ரூட் லாகர் நாம் தொடாதவரை வார்னிங்கில் நிற்கும். அதை மறந்து ஹேண்ட்லரில் மட்டும் டீபக் வைத்தால் சூட்டு அளவு ஒன்றுகூட வராது. லாகரை டீபக்கில் திறந்து விட்டுவிட்டு, பிரிக்கும் வேலையை ஹேண்ட்லர்களிடம் கொடுங்கள்.

இனிதான் பலரும் சறுக்கும் இடம். ஹேண்ட்லரின் லெவல் ஒரு சல்லடை: பொடியை விட்டுவிடும், பெரியதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். இன்ஃபோ என்று வைத்த ஹேண்ட்லருக்கு எரரும் வந்து சேரும்; ஒரே எரர் இரண்டு இடத்தில் விழும். மேல்வரம்பு போட ஃபில்டர் வேண்டும். செய்தியின் எண் 30க்குக் கீழே இருந்தால் உண்மை என்று திருப்பும் ஒரு வரி ஃபங்ஷன் போதும், பைத்தான் 3.2 முதல் இதற்குத் தனி கிளாஸ் எழுத வேண்டியதில்லை.

ஆக, சாதாரண செய்தி போகும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கு ஃபில்டருடன் ஒரு ஹேண்ட்லர், பிழைச் செய்தி போகும் ஸ்டாண்டர்ட் எரருக்கு வார்னிங் லெவலில் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் எழுதுவது ஸ்ட்ரீம்ஹேண்ட்லர்; எங்கே எழுத வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது ஸ்டாண்டர்ட் எரருக்கே போகும். முதல் ஹேண்ட்லருக்கு இடத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

ஃபைலுக்கு, நிறைந்ததை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும் ரொட்டேட்டிங் ஃபைல்ஹேண்ட்லர். ஒரு ஃபைலின் உச்ச அளவான மேக்ஸ்பைட்ஸ் 52,42,880, அதாவது 5 எம்பி; வைத்திருக்கும் பழைய ஃபைல்களின் எண்ணிக்கையான பேக்கப்கவுன்ட் 5. பழைய ஐந்தும் ஓடுகிற ஒன்றும் சேர்ந்து 30 எம்பியைத் தாண்டாது. இரண்டில் ஒன்று 0 ஆக இருந்தாலும் ஃபைல் மாறவே மாறாது, டிஸ்க் நிறையும்வரை வளரும்.

வரிகள் இரட்டிப்பாக வந்தால், ஹேண்ட்லர் சேர்க்கும் ஃபங்ஷன் இருமுறை ஓடியிருக்கும். அல்லது ரூட்டுக்குக் கீழே உள்ள கிளை லாகரிலும் ரூட்டிலும் ஹேண்ட்லர் இருக்கும். இரண்டாவது என்றால், செய்தியை மேலே அனுப்பும் கிளையின் புரோபகேட்டை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

பத்து மிஷினுக்குப் பத்து புராசஸ் ஓட்டுகிறவர்கள் அவற்றை ஒரே ரொட்டேட்டிங் ஃபைலில் எழுத விடக்கூடாது. விண்டோஸில், ஒரு புராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைலின் பெயரை இன்னொன்று மாற்றப் போய் பர்மிஷன் எரர் வரும். மிஷினுக்கு ஒரு ஃபைல் கொடுங்கள். இல்லையென்றால், செய்தியை வரிசையில் போடும் கியூஹேண்ட்லர் வழியே எல்லாவற்றையும் எழுதும் ஒரே புராசஸுக்கு அனுப்புங்கள்.