அந்த ஸ்குரூவைத் தொடாதீர்கள்

டெட்ராய்ட் பக்கம் இருப்பவர்களுக்கு உட்வர்ட் ட்ரீம் குரூஸ் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1995-இல் தொடங்கியது. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, உட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய வண்டிகள் ஊர்ந்து போகும். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எங்கள் பட்டறையில் போன் ஓயாது. பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "ஸ்டீயரிங் லூசா இருக்கு, ஒரு அலைன்மென்ட் மட்டும் பண்ணிக் குடுங்க."

அலைன்மென்ட் என்றால் சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. அந்த "மட்டும்" காதில் விழுந்தாலே எனக்குத் தலைவலி வந்துவிடும்.

இந்த வருடம் வந்தது செவ்ரோலே கம்பெனியின் 1970 செவெல் கார். ஓட்டி வந்தவர் நம்மூர்ப் பையன், கார் கம்பெனி ஒன்றில் மென்பொருள் வேலை. "அண்ணா, ஸ்டீயரிங் பாக்ஸ் மேல ஒரு ஸ்குரூ இருக்கு, அதை முறுக்குனா ஆட்டம் போயிடும்னு வீடியோல பார்த்தேன். முறுக்கினேன், ஆட்டமும் போச்சு. ஆனா வளைவுல திருப்பினா ஸ்டீயரிங் திரும்பி வர மாட்டேங்குது." நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் பக்கத்து வரிசைக்கே போய்விட்டாராம். பின் சீட்டில் மகள். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். இந்தக் கோடையில் இதே கதையோடு வந்த மூன்றாவது வண்டி என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, அந்த ஸ்குரூவைப் பற்றி ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டீயரிங்கைச் சுற்றுவதைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றுவதுதான் ஸ்டீயரிங் பாக்ஸ். அதற்குள் ஒரு புழு கியர். அதன் மேல் குண்டுகள் உருள ஏறி இறங்கும் ஒரு நட். அந்த நட்டின் பற்கள், பிட்மேன் ஆர்மை (சக்கரங்களுக்குப் போகும் கம்பிகளை அசைக்கும் கை) திருப்பும் செக்டர் ஷாஃப்டின் பற்களோடு கடித்திருக்கும். மூடியில் லாக் நட்டோடு தெரியும் ஸ்குரூ, செக்டர் ஷாஃப்டைப் பற்களுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும், அவ்வளவுதான். பலருக்குத் தெரியாதது இதுதான்: இந்தப் பற்கள் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாக இருக்காது. நேராகப் போகும் நடு இடத்தில் மட்டும் இறுக்கமாகவும், இரண்டு பக்கமும் போகப் போகக் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும்படி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். சக்கரம் கொஞ்சம் திரும்பி நிற்கும்போது ஸ்குரூவை முறுக்கி "ஆஹா, ஆட்டம் போச்சு" என்றால், நடுவுக்கு வரும்போது பற்கள் ஒன்றையொன்று நெரிக்கும். வளைவு முடிந்ததும் தானாகத் திரும்பி வர வேண்டிய ஸ்டீயரிங் பாதியில் நின்றுவிடும். அப்படியே ஓட்டினால் பல்லும் தேயும். பிறகு பாக்ஸையே மாற்ற வேண்டியதுதான்.

முறையாகச் செய்வதென்றால் முதலில் லிங்கேஜை, அதாவது பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் கம்பிகளைக் கழற்றி, பாக்ஸைத் தனியாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். புழு கியரின் பேரிங் இறுக்கத்தை முதலில் சரி செய்ய வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றுகளை எண்ணி, சரியான நடுவைக் கண்டுபிடித்து, அங்கே வைத்துத்தான் அந்த ஸ்குரூ. அதையும் கை உணர்வில் அல்ல, இறுக்கத்தை அளக்கும் சிறிய டார்க் ரென்ச்சில் பார்த்து. வீடியோவில் இதெல்லாம் வராது, மூன்று நிமிடத்தில் முடித்தாக வேண்டுமே.

சரி, அந்த செவெலில் ஆட்டம் எங்கேயிருந்து வந்தது? ஐட்லர் ஆர்ம், பிட்மேன் ஆர்முக்கு எதிர்ப்பக்கத்தில் லிங்கேஜைத் தாங்கும் கை. கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினாலே கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்டீயரிங் கம்பியையும் பாக்ஸையும் இணைக்கும் ரப்பர் வட்டும் நைந்து போயிருந்தது. பாக்ஸ் பாவம், நன்றாகத்தான் இருந்தது, இவர் ஸ்பேனரை எடுக்கும் வரை.

ஆட்டத்தைத் தேட ஒரு எளிய வழி இருக்கிறது, காசும் செலவில்லை. வண்டி நான்கு சக்கரமும் ஊன்றி நிற்கட்டும். நான்கு தூண் லிஃப்ட் இருந்தால் நல்லது, ஜாக்கி மேல் நிறுத்தி அடியில் படுப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க, இன்னொருவர் மேலேயிருந்து கீழே வரிசையாகப் பார்க்க வேண்டும்: ரப்பர் வட்டு, பாக்ஸைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள், பிட்மேன் ஆர்ம், சென்டர் லிங்க் (அந்த இரண்டு கைகளையும் இணைக்கும் நடுக் கம்பி), ஐட்லர், நான்கு டை ராடு (நடுக் கம்பியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) முனைகள். எந்த இணைப்பில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் இருக்கிறதோ, அந்த இடம்தான்.

பால் ஜாயின்ட் பார்ப்பதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. முன் சக்கரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டின் முனையிலும் இருக்கும் குண்டு மூட்டு அது. செவெலில் சுருள் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கிறது, எடையைச் சுமப்பது கீழ் பால் ஜாயின்ட். ஆகவே ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்தால்தான் அது தளர்ந்து ஆட்டம் தெரியும். அதே காலத்து மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மேல், அங்கே கதை தலைகீழ். இது தெரியாமல் "பால் ஜாயின்ட் ஓகே" என்று எழுதிக் கொடுத்த ரசீதுகள் நான் பார்த்ததே ஒரு கட்டு இருக்கும்.

தேய்ந்ததையெல்லாம் மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். ஆடுகிற பல்லுக்குக் கிளிப் போட்டு என்ன பயன்?

அந்த அலைன்மென்ட்டிலும் ஒரு வம்பு. இந்தப் பையன் எங்களிடம் வருவதற்கு முன்பே வேறொரு கடையில் பணம் கொடுத்துச் செய்திருக்கிறார். கணினித் தாளில் எல்லாக் கட்டமும் பச்சை. வண்டியோ நெடுஞ்சாலையில் குடித்தவன் மாதிரி அலைகிறது. காரணம், அந்தக் கணினியில் இருப்பது 1970-இன் எண்கள். அன்றைக்கு வண்டியில் வந்தது பயஸ் ப்ளை என்ற பழைய வகை டயர், அதற்கேற்பக் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாயும் கோணம்) பூஜ்யத்தை ஒட்டி, சில வண்டிகளில் மைனஸில்கூட வைத்தார்கள். பவர் இல்லாத ஸ்டீயரிங்கை நிறுத்துமிடத்தில் திருப்பக் கை வலிக்கக் கூடாது என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. இன்று நீங்கள் மாட்டியிருப்பது ரேடியல் டயர். அதற்குப் பாசிட்டிவ் காஸ்டர் வேண்டும், அதாவது அச்சின் மேல் முனை பின்பக்கம் சாய வேண்டும். சைக்கிள் கையை விட்டாலும் நேராகப் போவதற்கு அதன் முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம், அதே சங்கதி.

பவர் ஸ்டீயரிங் உள்ள செவெலுக்கு நான் வைப்பது: காஸ்டர் பிளஸ் 3 முதல் 4 டிகிரி, பழைய ஆர்ம்களோடு அவ்வளவு கிடைக்காவிட்டால் 2 வந்தாலே போதும். சாலை வலப்பக்கம் சரிந்திருப்பதால் இடப்பக்கம் மட்டும் கால் டிகிரியோ அரை டிகிரியோ குறைவு. கேம்பர் (சக்கரத்தின் மேல் பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) பூஜ்யத்திலிருந்து மைனஸ் அரை டிகிரி வரை. டோ (இரண்டு முன் சக்கரங்களின் முன்பக்கம் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும் அளவு), மொத்தமாக உள்நோக்கி 1/16 முதல் 1/8 அங்குலம். தாத்தா கணக்கில் மாகாணியிலிருந்து அரைக்கால். டோவை எப்போதும் கடைசியில் பார்க்க வேண்டும், மற்ற இரண்டையும் தொட்டால் இது மாறிவிடும். கடைக்காரரிடம் இந்த எண்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். "கம்ப்யூட்டர்ல அப்படி இல்லையே" என்றால் வேறு கடை பாருங்கள்.

டோ வைத்து முடித்தபின் ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால், வீலைக் கழற்றி நேராக்கி மாட்டாதீர்கள். டை ராடின் நீளத்தை மாற்றும் ஸ்லீவ் இரண்டையும் சமமாகத் திருப்பி நேராக்க வேண்டும். வீலைக் கழற்றி மாட்டினால் வண்டி நேராகப் போகும்போது பாக்ஸ் நடுவில் இருக்காது, பற்களின் தளர்வான பக்கத்தில் இருக்கும். மறுபடி ஆட்டம் தெரியும், மறுபடி யாராவது அந்த ஸ்குரூவைத் தேடுவார்கள்.

வீட்டிலேயே செய்கிறேன் என்பவர்களைத் தடுக்கப் போவதில்லை, நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் நட் கழலாமல் பூட்டும் காட்டர் பின்னைப் பழையது போடாதீர்கள், பத்துக் காசுப் பொருள். ஓட்டை நேரே வரவில்லை என்று நட்டைப் பின்னால் தளர்த்தாதீர்கள், அடுத்த காடி வரை இறுக்குங்கள். ஆர்ம்களின் ரப்பர் புஷ்களின் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி தன் எடையில் நிற்கட்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

அப்புறம் ஸ்பிரிங். இதில் மட்டும் அதட்டாமல் கெஞ்சியே கேட்கிறேன். அமுங்கிய சுருள் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் இல்லாமல், ஸ்பிரிங்கைச் சங்கிலியால் சட்டத்தோடு கட்டாமல் கீழ் பால் ஜாயின்ட்டைக் கழற்றாதீர்கள். தனியாக இருக்கும்போது செய்யவே செய்யாதீர்கள். எங்கள் மிச்சிகன் மாநிலத்தில் வருடாந்திர வண்டிப் பரிசோதனை கிடையாது. நீங்கள் மாட்டியது சரியா என்று அரசாங்கத்திலிருந்து யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

அந்த செவெலுக்கு ஐட்லர், ரப்பர் வட்டு, ஒரு டை ராடு முனை மாற்றினோம். ஸ்குரூவைத் தளர்த்தி, முறைப்படி மறுபடி வைத்தோம். பற்கள் தப்பித்திருந்தன. உட்வர்டில் போய் வந்து, "ஒத்தைக் கையில ஓட்டினேன் அண்ணா" என்று போன் செய்தார். இரண்டு கையாலும் ஓட்டச் சொன்னேன்.

கடைசியாக ஒன்று. மேல் ஆர்மைக் கழற்றினால் அதன் பின்னால் இருக்கும் ஷிம்களை (கோணத்தைச் சரிசெய்ய இடையில் வைக்கும் மெல்லிய தகடுகள்) குப்பையில் போடாதீர்கள். எந்தப் பக்கம், முன் போல்ட்டா பின் போல்ட்டா, எத்தனை என்று எழுதி டேப் ஒட்டி வையுங்கள். வண்டியோடு அதையும் கொண்டு வந்தால் எனக்கு அரை நாள் மிச்சம், உங்களுக்கு அந்த அரை நாள் கூலி மிச்சம்.