நான்காவது மாடியில் ஒரு ரகரம்

1962 நவம்பர். நியூயார்க்கின் பெரிய கடை ஒன்றில் ஒருவர் நுழைந்து, விற்பனையாளரிடம் பெண்களுக்கான செருப்பு எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்கிறார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்று பதில் வருகிறது. சரியாகக் காதில் விழாதவர்போல முன்னால் குனிந்து, "என்ன சொன்னீங்க?" என்கிறார். விற்பனையாளர் இந்த முறை நிறுத்தி, அழுத்தி, அதையே சொல்கிறார். வந்தவர் நன்றி சொல்லி நகர்ந்து, அவர் கண்ணில் படாத இடத்துக்குப் போனதும் நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொள்கிறார்.

அவருக்குச் செருப்பு தேவையில்லை. நான்காவது மாடி என்பதும் முன்பே தெரியும். அவர் பெயர் வில்லியம் லபோவ், மொழியியல் ஆய்வாளர். அவர் தேடிப் போனது 'ஃபோர்த்', 'ஃப்ளோர்' என்ற இரண்டு சொற்களிலும் ஒளிந்திருக்கும் 'ர்' ஒலியை. நியூயார்க்கில் சிலர் அதை நாக்கை மடக்கி உச்சரிப்பார்கள். சிலர் 'ஃபோத் ஃப்ளோ' என்று விழுங்கிவிடுவார்கள்.

பணக்காரர்கள் வரும் சாக்ஸ், நடுத்தர மக்களின் மேசிஸ், மலிவு விலைக்குப் பெயர்போன எஸ். க்ளைன் என்று மூன்று கடைகள், மொத்தம் 264 ஊழியர்கள். இரண்டு சொல், இரண்டு முறை என்று கிடைத்த நான்கு வாய்ப்புகளில் ஒருமுறையாவது 'ர்' சொன்னவர்கள் சாக்ஸில் 62 சதவீதம், மேசிஸில் 51. க்ளைனில் ஐந்தில் ஒருவர்தான். சாக்ஸுக்குள்ளேயே கூட்டமும் இரைச்சலுமாக இருந்த தரைத்தளத்தைவிட, விலையுயர்ந்த ஆடைகள் இருந்த மேல் மாடிகளில் 'ர்' கூடுதலாகக் கேட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விவரம். சாக்ஸ் ஊழியர்கள் ஒன்றும் அதிகச் சம்பளக்காரர்கள் இல்லை. மேசிஸ்தான் கூடுதலாகக் கொடுத்தது என்றே லபோவ் எழுதுகிறார். ஆக, அந்த 'ர்' அவர்களுடைய பணத்திலிருந்து வரவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் வாடிக்கையாளர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

சரி, 'ர்' சொல்வதுதான் உயர்ந்த பேச்சா? அட்லாண்டிக்கைத் தாண்டினால் கதை அப்படியே தலைகீழ். இங்கிலாந்தில் மேட்டுக்குடி உச்சரிப்பு என்று மதிக்கப்படுவதில் 'கார்' என்ற சொல் 'கா' என்றுதான் ஒலிக்கும். அங்கே இந்த 'ர்'ரை முழுசாகச் சொன்னால், தென்மேற்குப் பக்கத்து விவசாயியா என்று கேலி செய்வார்கள். நியூயார்க்கிலேயே இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை 'ர்'ரை விழுங்குவதுதான் கௌரவம். அந்த மாநிலத்துப் பணக்காரக் குடும்பத்தில் பிறந்த அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அப்படித்தான் பேசினார். போருக்குப் பின் காற்று திசை மாறியது. பேசும் வாயும் நாக்கும் அதேதான். மதிப்பெண் போடும் ஆள்தான் மாறினார்.

இன்னொரு உதாரணம். ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்', 'ஆன்சர்' போன்ற சொற்களை நீட்டிச் சொல்வது இன்று லண்டன் சீமான்களின் அடையாளம். 1791இல் உச்சரிப்பு அகராதி வெளியிட்ட ஜான் வாக்கருக்கோ அந்த நீட்டல் கொச்சையை ஒட்டியதாகப் பட்டது. கொச்சை என்று ஒதுக்கியதற்கு நூறு வருஷத்தில் கோட்டு மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒலியின் கதை இப்படி என்றால், சொற்களின் கதை இன்னும் வேடிக்கை. 1954இல் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஆலன் ராஸ், ஹெல்சிங்கியிலிருந்து வரும் ஓர் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் மேல்தட்டினர் இப்போது மற்றவர்களைவிடப் படித்தவர்களும் இல்லை, சுத்தமானவர்களும் இல்லை, பணக்காரர்களும் இல்லை. அவர்களைப் பிரித்துக் காட்டுவது பேச்சு மட்டும்தான் என்றார். அடுத்த வருஷம் நாவலாசிரியர் நான்சி மிட்ஃபோர்ட் இதைப் பத்திரிகைக்குக் கொண்டுபோக, ஊரே தன் வாயைத் தானே சோதித்துக்கொள்ள ஆரம்பித்தது.

மேல்தட்டினர் எந்தச் சொல்லைச் சொல்வார்கள், மற்றவர்கள் எதைச் சொல்வார்கள் என்று ராஸ் போட்ட பட்டியலைப் பார்த்தால் முதலில் குழப்பம்தான் வரும். நாசூக்கான சொல் மேல்தட்டுக்கும், பட்டவர்த்தனமான சொல் கீழ்த்தட்டுக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. செத்தால் 'செத்தார்' என்பார் பிரபு. 'காலமானார்' என்ற ரீதியில் பூசி மெழுகுபவர் நடுத்தர வர்க்கம். பொய்ப்பல்லை அவர் 'ஃபால்ஸ் டீத்' என்பார், இவர் 'டென்சர்ஸ்' என்பார். கை துடைக்கும் துணி அவருக்கு 'நாப்கின்', இவருக்கு ஃபிரெஞ்சு வாசனையோடு 'செர்வியெட்'.

காரணம் எளிது. பிறப்பிலேயே இடம் உறுதியானவருக்கு யாரிடமும் நிரூபிக்க எதுவும் இல்லை. 'வேட்டை' என்பதைக்கூட 'ஹன்டிங்' என்று முடிக்காமல் 'ஹன்டின்' என்று பாதியில் விடுவார். அது ஸ்டைல் ஆகிவிடும். அதையே கூலித் தொழிலாளி செய்தால் படிப்பறிவில்லை என்பார்கள். நடுவில் இருப்பவருக்குத்தான் பயம். மேலே ஏறவும் வேண்டும், கீழே சறுக்கவும் கூடாது. லபோவின் பிற்கால நேர்காணல்களில் இந்தப் பயம் எண்ணிக்கையாகவே வந்து விழுந்தது. சாதாரணப் பேச்சில் கீழ்நடுத்தர வர்க்கத்தினரிடம் 'ர்' குறைவு. ஆனால் கையில் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், தங்களுக்கு மேலே இருந்தவர்களையே மிஞ்சும் அளவுக்கு 'ர்' போட்டார்கள். அப்புறம் என்ன, எல்லோரும் ஏறி வந்துவிட்ட படியில் மேலே இருப்பவர் ஏன் நிற்கப்போகிறார்? அவர் வேறு அடையாளத்துக்குத் தாவிவிடுவார்.

கேட்பவர் தலைக்குள் நடப்பதை 1960இல் மாண்ட்ரியலில் வாலஸ் லாம்பர்ட்டும் கூட்டாளிகளும் பிடித்துக் காட்டினார்கள். இரண்டு மொழியும் சரளமாகப் பேசுபவர்கள் ஒரே பத்தியை ஆங்கிலத்தில் ஒருமுறை, ஃபிரெஞ்சில் ஒருமுறை வாசித்தார்கள். ஒரே ஆள் என்று சொல்லாமல் மாணவர்களிடம் அந்தக் குரல்களை எடைபோடச் சொன்னார்கள். ஆங்கிலம் பேசியபோது அதே மனிதர் கூடுதல் புத்திசாலியாகத் தெரிந்தார். உயரமாகக்கூடத் தெரிந்தார்! ஃபிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களும் ஆங்கிலக் குரலுக்கே அதிக மதிப்பெண் போட்டார்கள்.

இது வெறும் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் மொழியியலாளர் ஜான் பா, தானே மூன்று விதமான உச்சரிப்பில் வீட்டுக்காரர்களுக்கு ஃபோன் செய்து வாடகைக்கு வீடு கேட்டார். வெள்ளையர்கள் அதிகம் வாழும் பகுதிகளில், கறுப்பினத்தவர் உச்சரிப்பிலும் மெக்சிகோ வம்சாவளியினர் உச்சரிப்பிலும் பேசியபோது வீடு பார்க்க வரச்சொன்னவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். 1999இல் வெளியான அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: 'ஹலோ' என்ற ஒரே சொல்லைக் கேட்டு, அது எந்த உச்சரிப்பு என்று பத்துக்கு ஏழு முறை கேட்பவர்கள் சரியாகச் சொன்னார்கள்.

இந்தக் காது பிறக்கும்போதே இப்படி வருவதில்லை. கேதரீன் கின்ஸ்லரும் ஜாஸ்மின் டிஹீசஸும் அமெரிக்காவின் வட மாநிலங்களின் உச்சரிப்பையும் தென் மாநிலங்களின் உச்சரிப்பையும் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். தென் மாநிலமான டென்னசியில் ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு இரண்டில் எது உசத்தி என்று எதுவும் தோன்றவில்லை. ஒன்பது, பத்து வயதுக்காரர்களைக் கேட்டால் பதில் தயாராக இருந்தது. வடக்கத்தியார் கெட்டிக்காரர், பொறுப்பில் இருப்பவர், தெற்கத்தியார் நல்லவர். வடக்கே இல்லினாய்ஸ் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். டென்னசிப் பிள்ளைகள் தெற்கத்தியார் என்று சொன்னது தங்கள் அப்பா அம்மாவைப் போலப் பேசிய குரலை.