யூவியைடிஸ்: 'கருவிழி அழற்சி' என்று எழுதாதீர்கள்

கண்ணுக்குள் இருக்கும் யூவியா என்ற படலத்தில் வரும் அழற்சி, யூவியைடிஸ். அதைக் 'கருவிழி அழற்சி' என்று மொழிபெயர்த்த இன்னொரு மருத்துவக் குறிப்பும் கண்ணில் பட்டுவிட்டது. இனியும் பொறுப்பதற்கில்லை.

இலத்தீனில் 'ஊவா' என்றால் திராட்சை. வெள்ளைவிழியை நீக்கினால் உள்ளே தெரியும் கரும்படலம் தோலுரித்த திராட்சை போல இருப்பதால் 'யூவியா' ஆயிற்று. கண்ணின் நிறவளையமான ஐரிஸும், அதன் பின்னுள்ள சிலியரிப் பகுதியும், விழித்திரைக்கு வெளியே இரத்தக்குழாய்கள் நிறைந்த கோராய்டும் சேர்ந்தது அது. 'அழற்சி' அழல் என்பதிலிருந்து வந்த அருமையான சொல், அதில் குறையில்லை.

சிக்கல் 'கருவிழி'தான். கண் வங்கியில் கருவிழி என்றால் கண்ணின் முன்புறத்துக் கண்ணாடிப் படலமான கார்னியா. ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவு என்றால் ஐரிஸ். ஏற்கெனவே இரண்டு உறுப்புகளைச் சுமக்கும் சொல்லின் தலையில் கோராய்டையும் ஏற்றுவது என்ன நியாயம்? கதிர் அறுக்கையில் நெல்தாள் கீறி, பூஞ்சை தொற்றிக் கண் பழுக்கிறதே, அது கார்னியாவின் அழற்சி. அதையும் 'கருவிழி அழற்சி' என்றே எழுதுகிறார்கள். யூவியைடிஸுக்கு அடிப்படை மருந்தான ஸ்டீராய்டு சொட்டு, பூஞ்சை பிடித்த கார்னியாவைக் கெடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் 'கருவிழி அழற்சி'தானே என்று அவர் மருந்தை வாங்கி ஊற்றிக்கொண்டால் யார் பொறுப்பு?

சிலர் 'திராட்சைப் படலம்' என்கிறார்கள். தொண்டையில் தொங்கும் யூவுலாவும் இலத்தீனில் 'குட்டித் திராட்சை'தான். நாம் அதை உள்நாக்கு என்றோம்; பழக்கடைக்குப் போகவில்லை.

கண்ணின் மூன்று அடுக்குகளில் நடுவில் இருப்பது இது. ஆகவே 'விழிநடுப்படல அழற்சி'. நீளம் என்று சலித்துக்கொள்பவர்கள் யூவியைடிஸ் என்றே எழுதட்டும், கேடில்லை.

இன்னொன்று. இதைக் 'கண் தொற்றுநோய்' என்று எழுதுவதும் கூடாது. வளரும் நாடுகளில் இதற்குக் கிருமிகள் பெருங்காரணம் என்பது உண்மை: இந்தியாவில் காசநோய், தென்பிரேசிலில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, ஆப்பிரிக்க ஆற்றோரங்களில் கருப்பு ஈ பரப்பும் புழு. மதுரையில் 1993 வெள்ளத்துக்குப் பிறகு, 1994இல் எலிக்காய்ச்சல் கிருமியால் பலருக்கு இது வந்தது. ஆனால் மெட்ராஸ் ஐ போல இது ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் கண்ணுக்குப் போவதில்லை. 'தொற்றுநோய்' என்று படித்ததும் வீட்டார் நோயாளியின் துண்டையும் தட்டையும் தனியே ஒதுக்குகிறார்கள். 'கிருமியால் வந்த விழிநடுப்படல அழற்சி' என்று எழுதினால் அந்தக் கொடுமை நேராது.