சிறையில் இருப்பவருக்குச் சம்மன் சார்வு ஆவது எப்படி?

பாகப்பிரிவினையோ, கடன் பாக்கியோ, விவாகரத்தோ, பிரதிவாதி கைக்குச் சம்மன் போய்ச் சேர்ந்தால்தான் (இதைத்தான் சார்வு என்கிறார்கள்) உரிமையியல் வழக்கு நகரும். வழக்கமாக நீதிமன்ற ஊழியரான அமீனா வீட்டுக்கே போய்க் கொடுத்துவிடுவார். ஆள் சிறையில் இருந்தால் அது நடக்காது. இதற்காகவே 1908-ம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் கட்டளை 5, விதி 24 இருக்கிறது. சம்மனைச் சிறைப் பொறுப்பு அதிகாரியிடம் நேரில் கொடுக்கலாம். தபால், உயர் நீதிமன்றம் ஏற்ற கூரியர், ஃபேக்ஸ், மின்னஞ்சல் வழியாக அவருக்கு அனுப்பலாம். முடிந்தவரை அதைச் சார்வு செய்தே ஆக வேண்டும் என்று விதி 29 அவரைக் கட்டுப்படுத்துகிறது. அந்த ஒரு காகிதத்துக்கு மட்டும் கண்காணிப்பாளரே அமீனா! விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி என்ற பேதமும் விதி 24-ல் கிடையாது.

அனுப்பும் உறையில் சம்மன் இரண்டு படி இருக்க வேண்டும். ஒன்று கைதிக்கு, மற்றது கையெழுத்தோடு நீதிமன்றத்துக்குத் திரும்ப. கூடவே பிராதின், அதாவது வாதி தாக்கல் செய்த வழக்குரையின், நகலும் போக வேண்டும். அது இல்லாத சம்மன் குறையுள்ள சம்மன்.

பாதிக் காரியம் விலாசத்திலேயே கெட்டுப்போகும். ‘புழல் சிறை’ என்று மட்டும் எழுதினால் போதாது. அங்கே தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்குத் தனிச் சிறை. ஒரே பெயரில் நாலு பேர் உள்ளே இருக்கலாம் என்பதால் தகப்பனார் பெயர், வயது, கைதி எண் அல்லது குற்ற எண், காவல் நிலையம் எல்லாம் வேண்டும். எந்தச் சிறை என்றே தெரியாவிட்டால், ரிமாண்ட் செய்த குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குக் கட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

உறை சிறைக்கு வந்ததும் தபால் பதிவேட்டில் ஏறும். சேர்க்கைப் பதிவேட்டோடு விவரங்களை ஒத்துப்பார்த்து, கைதியை அலுவலகத்துக்கு அழைத்து, இன்ன வழக்கு, இன்ன தேதி வாய்தா என்று சொல்லி, அவர் படியைக் கொடுப்பார்கள். திரும்பப் போகும் படியில் கைதி தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் இடது பெருவிரல் ரேகையும் சாட்சியின் கையெழுத்தும். அதன் கீழே அதிகாரி தன் கையெழுத்தை இடுவார். கைதி வாங்க மறுத்தால், மறுத்தார் என்பதையே தேதி, நேரத்தோடு எழுதி, பார்த்தவர்களின் கையெழுத்தையும் வாங்கி அனுப்புவது நல்லது.

நீதிமன்றம் பார்க்க வேண்டியது இந்த இரண்டு கையெழுத்துகளைத்தான். ஆனால் பல கட்டுகளில் இருப்பதோ தபால் ஒப்புகை அட்டையும், அதன் மேல் சிறை அலுவலக முத்திரையும் மட்டும். காகிதம் சிறைக்கு வந்தது என்பதற்குத்தான் அந்த முத்திரை சாட்சி. கைதியிடம் போனதற்கு அல்ல. அதை வைத்துக்கொண்டு ‘சார்வு ஆயிற்று’ என்று, எதிர்த்தரப்பு ஆஜராகாமலே தரப்படும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை வாங்கும் வாதி, பின்னாளில் அந்தத் தீர்ப்பைக் காப்பாற்றச் சிரமப்படுவார்.

சார்வு ஆகாமல் திரும்புவதும் சகஜம். வேறு சிறைக்கு மாற்றியிருப்பார்கள், ஜாமீனில் போயிருப்பார். அப்போது ‘கைதி இல்லை’ என்ற இரண்டு சொல்லோடு அனுப்பிவிடக் கூடாது. எந்தத் தேதியில் எங்கே போனார், சார்வு செய்ய என்ன முயற்சி நடந்தது என்று முழுக் காரணமும் எழுத வேண்டும் என்கிறது விதி 29. வாதிக்கும் இங்கே கெடு உண்டு. சம்மன் திரும்பிய 7 நாளுக்குள் புதுச் சம்மனுக்கு மனுப் போடாமல், தகுந்த காரணமும் காட்டாமல் விட்டால், கட்டளை 9 விதி 5-ன்படி வழக்கே தள்ளுபடி ஆகலாம்.

ஆள் சிறையில் என்று தெரிந்தே வீட்டு விலாசத்துக்கு அனுப்பி, மனைவியிடம் கொடுத்துவிட்டோம், கதவில் ஒட்டிவிட்டோம் என்று சொல்வது வேறொரு ரகம். எதிராளி உறவுக்காரராக இருக்கும் வழக்குகளில் ‘அவர் சிறையில் இருப்பது எனக்குத் தெரியாது’ என்ற வாதியின் பேச்சு எடுபடாது. பத்திரிகை விளம்பரம் அதைவிட மோசம். சார்வைத் தவிர்க்க ஒளிந்து திரிபவருக்கும், வழக்கமான வழியில் சார்வு செய்ய முடியாதவருக்கும் உரியது அது. அரசாங்கமே பூட்டி வைத்திருப்பவர் எங்கே ஒளிவது?

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து கைதிக்கு நாள் எண்ணிக்கை தொடங்குகிறது. எதிர்வழக்குரை, அதாவது பிராதுக்கு எழுத்தில் தரும் பதில், தாக்கல் செய்ய 30 நாள். நீதிமன்றம் காரணத்தை எழுதி 90 நாள் வரை நீட்டலாம். சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், விதிவிலக்கான நிலையில் அதற்கு மேலும் அனுமதிக்கலாம் என்றது. வணிக வழக்குகளில் 120 நாளோடு கதவு மூடிவிடும். சிறையில் இருப்பது மட்டும் இந்தக் கணக்கை நிறுத்தாது. வாய்தாவுக்கு நேரில் கொண்டுபோவார்கள் என்று கைதி காத்திருக்கவும் கூடாது. வழக்கறிஞர் ஆஜரானாலே போதும். வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கைதி கையெழுத்திட, சிறை அதிகாரி சான்றொப்பம் இடுவார். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால், காவலில் இருப்பவர் என்ற தகுதியே 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவில் இலவச உதவி கேட்கப் போதும்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள். சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள். ஆனால் சார்வில் சின்னக் குறை இருந்தது என்பது மட்டும் எடுபடாது. வாய்தா தேதி அவருக்குத் தெரிந்திருந்து, ஆஜராகிப் பதில் சொல்லப் போதிய அவகாசமும் இருந்தது என்று நீதிமன்றம் கண்டால், அந்தக் குறைக்காகத் தீர்ப்பை ரத்து செய்யாது.